சூசைக்குச் சுட்ட ஃபொக்காச்சா

ஞாயிற்றுக்கிழமை. கொரோனாப் பூட்டு எடுத்து, சனம் திரும்பக் கைகுடுத்துக் கதைக்கத் தொடங்கின வருசம். எனக்கு எழுத வராது, போனுக்குச் சொல்லுறன், அது எழுதுது.

ஆர்ச்வேயிலை இருக்கிற சூசையை அவன்ரை வீட்டிலை போய்ப் பார்த்தன். நானும் அவனும் இத்தாலிக்காரன்ரை பேக்கரியிலை இருபது வருசம் மா குழைச்சனாங்கள். இப்ப அவனுக்கு நெஞ்சிலை தண்ணி கட்டுது. உப்புக் கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். மூண்டு நாளாச் சாப்பாட்டைத் தொடேல்லையாம். அதுதான் பேக்கரியிலை நாங்கள் சுடுற இத்தாலி ரொட்டி, ஃபொக்காச்சா, சுட்டுக் கொண்டு போனன்.

"உப்புப் போடேல்லைத்தானே, மாமா?" எண்டு அவன்ரை மகள் ஜெனி வாசலிலையே கேட்டாள்.

"இல்லை, பிள்ளை. ஒலிவ் எண்ணெயும் ரோஸ்மேரி இலையும்தான்."

பொய். அந்த ரொட்டிக்கு மாவிலை விரலாலை குழி குத்தி, எண்ணெயோடை உப்புத் தண்ணியும் ஊத்தவேணும். இல்லாட்டி அது வெறும் பாண். நான் ஊத்தினனான்.

சூசை ஒரு கடி கடிச்சுப்போட்டு என்னைப் பார்த்தான். "கள்ளனடா நீ," எண்டு ஜெனிக்குக் கேட்காமல் சொன்னான். பிறகு ரெண்டு துண்டு திண்டான். ஜெனிக்குக் கண் கலங்கிப் போச்சு.

"நாளைக்கும் கொண்டு வாங்கோ, மாமா."

ஓம் எண்டிட்டன்.

உப்பில்லாமல் சுட்டால் அவன் தொடமாட்டான். உப்போடை சுட்டால்... அந்தப் பேக்கரியிலை நாங்கள் ஐஞ்சு தமிழ்ப் பெடியள். தருமன், ராசன், குணம் மூண்டு பேரும் போய்ச் சேர்ந்திட்டாங்கள். என்னை விட்டால் உயிரோடை இருக்கிறது சூசை ஒருத்தன்தான்.