மாலதியின் முதுகு

செவ்வாய்க்கிழமை இரவு, கிள்ளான்

இன்று பேத்தி மாலதியோடு பிரிக்பீல்ட்ஸ் போய் முதுகுவலி டாக்டரம்மாவைப் பார்த்தோம். மாலதியின் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் காய்ந்து தேய்ந்துவிட்டது என்றார். அவளுக்கு முப்பத்திரண்டு வயதுதான்.

"வீட்டுல வேற யாருக்காச்சும் இருக்கா?"

"எனக்கு இருக்கு. ஆனா அது என் மூத்த ஓரகத்தி செஞ்ச வேலை. கேரி தீவு எஸ்டேட்ல செம்பனைப் பழ மூட்டையெல்லாம் என் தலையிலதான் ஏத்துவா."

"சுமையும் ஒரு காரணந்தான் பாட்டி. ஆனா இது பரம்பரையா வர்றதும் நிறைய."

மாலதி மூட்டை எதுவும் தூக்கியதில்லை. ஷா ஆலமில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவள். அப்படியானால் என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது.

அவள் ரத்தத்தையே எடுத்து, மிஷினில் சுற்றிப் பிரித்து, டிஸ்க்கில் ஊசியாகப் போடலாமாம். தேய்ந்தது திரும்ப வளருமா என்று கேட்டேன். சிலருக்கு வலி குறைகிறது, வளரும் என்று இன்னும் உறுதி சொல்ல முடியாது என்றார்.

காரில் மாலதி சிரித்தாள். "பாவம் லா பெரிய பாட்டி. இத்தனை வருஷமா சும்மா திட்டிட்டீங்க."

இப்போது பக்கத்து அறையில் மாலதி புரண்டு புரண்டு படுப்பது கேட்கிறது. பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த என் தலையில் மூட்டையை ஏற்றிவிட்டு ஓரகத்தி சிரித்தது சிரித்ததுதான். அதை நான் விடமாட்டேன்.

ஆனால் மாலதியின் முதுகுக்கு யாரைத் திட்டுவது?