என் தலைமுடி, அவர் வேண்டுதல்

12.10.1991, சனி

திருப்பதிப் பயணத்துக்காக ஒரு மாதமாக நான்தான் அலைந்தேன். பஸ் டிக்கெட், மலையில் அறை, கட்டுச்சோறு எல்லாம் முடிவாகிவிட்டது. இன்று சாப்பிடும்போது கணவர் சாதாரணமாகச் சொன்னார்: "ரவிக்குப் படப்பை ஃபேக்டரில வேலை கெடச்சா உனக்கு மொட்டை போடறதா வேண்டிக்கினேன். கெடச்சிடுச்சே!"

"என் தலைய வச்சி நீங்க எப்டி வேண்டிக்கலாம்?"

"என் தலைல குடுக்க இன்னா இருக்குது?" என்று வழுக்கையைத் தடவிச் சிரித்தார்.

மகன் ரவியும் சிரித்தான். "வுடும்மா, வளந்துடும்."

திரும்பி வந்து மொட்டைத் தலையோடு வகுப்பில் பாடம் நடத்த நிற்கப்போவது நான். என்னைக் கேட்டிருந்தால் ரவிக்காக நானே சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன். அதுதான் ஆறவில்லை. காலையில் சொல்லிவிடுவேன்: மலைக்கு வருகிறேன், முடி தரமாட்டேன். மீசை அவருடையதுதானே, அதைக் கொடுக்கட்டும்.