பனியோடு போட்ட எடை

ஜனவரி 4, ஞாயிறு

பனிமாசத்தில் ஆடு இளைக்கத்தான் செய்யும் என்று மச்சான் வருசா வருசம் சொல்லுவாக. இந்தத் தடவை மந்தையையே தேவாரம் ஊர் வியாபாரிக்கு விற்றுத் தள்ளிவிடலாம் என்றாக. எனக்கு மனசில்லை. ஒரு மாசத்துக்கு முன்னால் ஐந்து செம்மறிகளைப் பிரித்து எடை போட்டேன். தினமும் மேய்ச்சலுக்கு விடும் முன் அதுகளுக்கு மட்டும் கடலைக்கொடி வைத்தேன்.

இன்று விடிந்ததும் தொங்குதராசில் தூக்கினோம். ஒவ்வொன்றும் மூன்று கிலோ கூடியிருந்தது. மச்சான் ஓர் ஆட்டின் முதுகு ரோமத்தைப் பிழிந்தாக. தண்ணீர் சொட்டியது.

"ஒங் கடலைக்கொடி இல்ல, பனி தொங்குது" என்றாக.

வெயில் ஏறும்வரை காத்திருந்தேன். ரோமம் காய்ந்தபின் மறுபடி தூக்கினோம். அரைக் கிலோதான் குறைந்தது; மீதி இரண்டரைக் கிலோ ஆடு போட்ட எடைதான். ரோமமும் வளர்ந்திருக்கிறதா என்று உள்ளே விரலை விட்டேன், முதல் கணு மறைந்தது. மந்தையில் மற்ற ஆடுகளிடம் நகம்தான் மறைகிறது.

சாயங்காலம் பார்த்தால் கடலைக்கொடிக் கட்டை மச்சானே தலையில் வைத்துப் போறாக. என் ஐந்தையும் தாண்டி, மற்ற ஆடுகள் பக்கம்.