ராட்சசர்களை எழுதுகிறவள் நடக்கப் போகிறாள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்காவைக் கட்டிய மாமா எழுதுவது. உறையைப் பிரித்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறாதே. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். போனில் எது அனுப்பினாலும் ஒற்றை டிக்கோடு நின்றுவிடுகிறது. காகிதம் என்றால் மேசையில் கிடந்தாவது ஒருநாள் கண்ணில் படும் இல்லையா? அதனால்தான் பல் செட்டுக்கு மெழுகு உருக்கும் மேசையில் ஓர் ஓரத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்காவது மெழுகு ஒட்டியிருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அக்காவின் சேதியை முதலில் சொல்கிறேன். சொல்லவே கூடாது என்று என்னை மிரட்டி வைத்திருந்தாள். இப்போது உடம்பு தேறிவிட்டதால் சொல்லலாம் என்று அனுமதி கிடைத்திருக்கிறது.

அவளுடைய ராட்சசர் நாவலின் மூன்றாம் பாகம் எழுத ஆரம்பித்தபோதே அவளுக்கு வலது கை மரத்துப்போகத் தொடங்கியிருந்தது. டம்ளர் கைநழுவும். உடனே சிரித்துவிட்டு, டம்ளருக்குத் தற்கொலை எண்ணம் என்பாள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஒருநாள் வேலை முடிந்து வருகிறேன், காய்கறிப் பையோடு நம் வீட்டு வாசலிலேயே நிற்கிறாள். சாவி பூட்டிலேயே தொங்குகிறது. திருப்ப விரல்களில் பலம் இல்லை. எதிர்வீட்டு ஆசிரியை கேட்டதற்கு யாரோ வரவேண்டும், காத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். நான் கதவைத் திறந்தேன். அவள் நேராகப் போய் எழுதும் நாற்காலியில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அதுவரை அவள் வாழ்ந்த லட்சணம் உனக்கே தெரியும். சாப்பாட்டு மேசை நாற்காலி, முதுகுக்கு ஒரு தலையணை, மதியத்துக்குக் கீபோர்டு பக்கத்தில் பிஸ்கட் பொட்டலம். எழுதிக் களைத்தால் கம்ப்யூட்டர் விளையாட்டு, விளையாடிக் களைத்தால் எழுத்து. இரண்டுக்கும் அதே நாற்காலி, அதே கை. நான் ஏதாவது சொன்னால், போர்க்களத்தில் இருப்பவளைச் சாப்பிடக் கூப்பிடுகிறீர்களே என்று கோபம் வரும். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிவிடுவேன். என் தொழிலுக்கு அது பொருத்தம்தான்.

ஆனால் விளையாட்டைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. அந்த விளையாட்டு இல்லையென்றால் இந்த எழுத்தாளர் இல்லை. உங்கள் அப்பாவின் ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் இருந்த பழைய கம்ப்யூட்டரில் நீ அம்புக்குறி பொத்தான்களைப் பிடித்துக்கொள்ள, அவள் மௌஸைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேரும் ஒரே ஸ்டூலில் நெருக்கியடித்து விளையாடியதை எந்த மேடை ஏறினாலும் சொல்லாமல் இறங்கமாட்டாள். நீ ராட்சசனை வெட்டப் பாய்வாயாம். அவள் நடுவில் புகுந்து, இவனுக்கு வீட்டில் யாராவது காத்திருப்பார்களா என்று கேட்பாளாம். உனக்கு எரிச்சலாக வருமாம். அந்தக் கேள்வியிலிருந்துதானே அவளுடைய புத்தகங்கள் எல்லாமே வந்தன. ராட்சசனின் வீட்டுக்குள் போய், அடுப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து எழுதுகிறவள் அவள். இத்தனை வருடமாகியும் எனக்கு அந்த ஆச்சரியம் தீரவில்லை.

டாக்டர், மணிக்கட்டில் நரம்பு அழுந்தியிருக்கிறது, இப்படியே போனால் அறுவை சிகிச்சைதான், அதற்குப் பிறகும் பழைய கை கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். கொஞ்ச காலத்துக்கு டைப் செய்யவே கூடாது என்றும் சொன்னார். பதிப்பாளர் அம்மா வந்து பார்த்தார். நல்லெண்ணத்தில்தான், கதைச் சுருக்கத்தைக் கொடுத்தால் வேறு ஒருவரை வைத்து முடித்துவிடலாமா என்று கேட்டார். உன் அக்கா மெதுவாக, ஆனால் கண்ணைப் பார்த்து, தாமதமாகும், நானேதான் முடிப்பேன் என்று சொன்னாள். கெடு கேட்டுப் பழக்கமே இல்லாதவள். காய்ச்சலோடு உட்கார்ந்து எழுதியாவது சொன்ன தேதிக்குக் கொடுக்கிறவள். தாமதமாகும் என்ற அந்த ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்தபோது எனக்கு அவள் மேல் மரியாதை இன்னும் ஒரு படி ஏறியது.

பிசியோதெரபிக்காரப் பெண்ணிடம் போனோம். சின்ன வயசுதான், குரல் மட்டும் போலீஸ். கை கடைசியாகத்தான் புகார் கொடுத்திருக்கிறது, முதுகும் கழுத்தும் தூக்கமும் எப்போதோ கொடுத்துவிட்டன, நீங்கள்தான் வாங்கிப் பார்க்கவில்லை என்றாள். தினமும் நடக்கச் சொன்னாள். உன் அக்காவுக்கு நடப்பது என்றால் வேப்பங்காய். கதையை யோசிக்கிற நேரம் வீணாகிறதே என்று மூக்கைச் சிந்தினாள். பிறகு அவளே வழி கண்டுபிடித்தாள். நடந்துகொண்டே போனில் கதையைச் சொல்லிப் பதிவுசெய்ய ஆரம்பித்தாள்.

அதில் ஒரு கூத்து நடந்தது. நம் குடியிருப்பின் வாட்ச்மேன் ஒருநாள் என்னைத் தனியாக ஓரம்கட்டினார். சார், தப்பா நினைக்காதீங்க, அம்மா காலையில பார்க்ல போன்ல பேசிட்டுப் போனாங்க, விஷத்தை இன்னைக்கே வெச்சிடலாம், தளபதிக்குச் சந்தேகம் வராதுன்னாங்க, யார் சார் அந்தத் தளபதி என்று நடுங்கிக்கொண்டே கேட்டார். நல்லவேளை, நான் தளபதி இல்லை. விவரம் சொன்னதும் மனிதர் இப்போது தினமும், தளபதி பிழைச்சாரா என்று விசாரிக்கிறார். அவர் கேட்கிறார் என்பதற்காகவே மழை தூறினாலும் குடையோடு இறங்கிவிடுகிறாள்.

கை கொஞ்சம் தேறி மறுபடி டைப் செய்ய அனுமதி கிடைத்தபோது, அடிக்கடி எழுந்திருக்க வேண்டும் என்பது கட்டளை. அலாரம் வைத்தால் அணைத்துவிட்டு எழுதுகிறாள். கடைசியில் அவளே ஒரு விதி போட்டாள். கதையில் யார் கதவைத் திறந்தாலும் இவளும் எழுந்துபோய் பால்கனிக் கதவைத் திறந்து, கைகால்களை நீட்டிவிட்டு வரவேண்டும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று ஒருநாள் ஆள் அசையவே இல்லை. கேட்டால், கதை நடப்பது நடு ஏரியில், படகுக்கு ஏது கதவு என்கிறாள்! பிசியோ பெண்ணிடம் போட்டுக்கொடுத்தேன். மறுநாளே படகு கரை சேர்ந்துவிட்டது.

சாப்பாட்டு நேரத்துக்கு என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். படுக்கையறைக்குள் எந்தத் திரையும் வருவதில்லை. ஒரேயடியாக மாறிவிட்டாள் என்று பொய் சொல்லமாட்டேன். நடுவில் ஒரு வாரம் எல்லாம் கைவிட்டுப்போய், பிஸ்கட் பொட்டலம் மறுபடி மேசைக்கு வந்தது. திட்டுவேன் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. நான் திட்டவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவளே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அந்தத் திங்கட்கிழமைதான் எனக்குப் பெரிய விஷயம்.

எனக்குப் புரியாத அதிசயம் ஒன்று உண்டு. கதையும் மாறிவிட்டது. முன்னெல்லாம் அவள் நாயகி வாரக்கணக்கில் குதிரையில் போவாள். அடிபட்டால் ஒரு குப்பி மருந்தைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவாள். இந்தப் பாகத்தில் ஓர் இடத்தில் கால் கொப்புளித்து, மரத்தடியில் உட்கார்ந்து, இனி ஓரடிகூட முடியாது என்கிறாள். அவளைப் பிடிக்க வந்த ராட்சசி பக்கத்தில் உட்கார்ந்து அவள் செருப்பைக் கழற்றிவிடுகிறாள். படித்துக்காட்டியபோது, இன்னொரு தடவை படி என்றேன். "பரவாயில்லை" என்பதைத் தாண்டிப் பாராட்டத் தெரியாத பதிப்பாளர் அம்மா போன் செய்து, கை எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, இந்த முறை ஒரு வரியும் வெட்டவில்லை என்றார்.

இனி, உன்னைப் பற்றி.

அவள் விளையாட்டை விடவில்லை. சாயங்காலம் மணிக்கட்டுப் பட்டையோடு கொஞ்ச நேரம் விளையாடுவாள். திரையைப் போட்டதும் முதலில் பார்ப்பது நண்பர்கள் பட்டியலில் உன் பெயர் பச்சையாக எரிகிறதா என்பதைத்தான். எரிந்தால் முகம் மலரும். கொஞ்ச நாளாக மலர்வதில்லை. அவன் இருக்கிற நாட்டில் இது ஆபீஸ் நேரமாயிற்றே என்று ஒருநாள் சொன்னாள். லீவாக இருக்கும் என்றேன். அடுத்த வாரமும் எரிந்தது, அதற்கடுத்த வாரமும். நீ தூங்க வேண்டிய நேரத்திலும் எரிகிறது. இப்போதெல்லாம் திரையை அணைத்துவிட்டுப் பால்கனிக்குப் போய் நிற்கிறாள். கதையில் யாரும் கதவைத் திறக்காதபோதுகூட.

நீ பேசினாலும் கேமராவைப் போடுவதில்லை. ரொம்ப வேலை மாமா என்கிறாய். நான் துருவிக் கேட்கப் போவதில்லை. நீ வேலைக்குச் சேர்ந்த அந்த கேம் கம்பெனியில் என்ன நடந்ததோ, எதுவாக இருந்தாலும் அது கம்பெனியோடு போகட்டும். நீ எங்களுக்கு வேலையாக வந்தவன் இல்லை. ஒரே ஸ்டூலில் பாதி இடம் கொடுத்தவன்.

அக்காவைப் பார்த்துத் திருந்து என்று சொல்வதற்காக இவ்வளவும் எழுதவில்லை. பூட்டிய வாசலில் நின்றுகொண்டு, யாரோ வரவேண்டும் என்று சமாளிப்பது எப்படி இருக்கும் என்று இந்த வீட்டில் தெரியும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிடுவாள். எடு. கேமராவைப் போடு. தாடி வளர்ந்திருந்தால் இருக்கட்டும், அறை குப்பையாகக் கிடந்தால் கிடக்கட்டும். பேச ஒன்றும் இல்லையென்றால் சும்மா உட்கார்ந்திரு. நாங்களும் எதிரே சும்மா உட்கார்ந்திருக்கிறோம்.

நேற்று பின்னறையைக் காலிசெய்து கட்டில் போட்டிருக்கிறாள். நீ ஜன்னல் பக்கமாகத் தலை வைக்கிற மாதிரி.

வேளைக்குச் சாப்பிட்டு, கண்ணயர்ந்து தூங்கி, நீ நல்லபடியாக இருக்க வேண்டும், மாப்பிள்ளை. எப்படி இருந்தாலும் வா.

என்றும் அன்புடன்,
உன் மாமா