ஒத்திகைத் தளத்தில் சமர்ப்பிக்கப்பட்ட விண்ணப்பம்

அனுப்புநர்
க. சேனாபதி,
பிரிட்ஜ்வாட்டர், நியூ ஜெர்சி.

பெறுநர்
மேல்முறையீட்டு அலுவலர்,
மில்ஸ்டோன் வட்டாரக் கல்லூரி உதவி வாரியம்,
நியூ ஜெர்சி.

பொருள்: வாரியத்தின் தமிழ் இணையதளச் சோதனையின்போது என் மனைவி நிரப்பிச் சமர்ப்பித்ததை, எங்கள் மகளின் கல்லூரி உதவித்தொகை விண்ணப்பமாக ஏற்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. வாரியத்தின் மின்னஞ்சல், 18 மார்ச் 2026.
2. தமிழ்த் தளப் பயன்பாட்டுச் சோதனை அறிக்கை, 27 பிப்ரவரி 2026.
3. சோதனை அமர்வின் ஒளிப்பதிவு, 24 ஜனவரி 2026.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

1. என் மகள் வெண்பாவின் பெயரில் இந்த ஆண்டு உதவித்தொகை விண்ணப்பம் எதுவும் வந்து சேரவில்லை என்று தங்கள் அலுவலகம் மார்ச் 18 அன்று மின்னஞ்சலில் உறுதிசெய்தது. கடைசி நாள் பிப்ரவரி 13 என்றும், தாமதமாக வருபவற்றை ஏற்க விதியில் இடமில்லை என்றும் அதே மின்னஞ்சல் கூறுகிறது. இரண்டையும் நான் மறுக்கவில்லை. விண்ணப்பம் ஏன் வரவில்லை என்பதற்கான சான்று தங்கள் அலுவலகத்திடமே உள்ளது. அதைச் சுட்டிக்காட்டவே இம்மனு. மனுக்களைத் தமிழிலும் அளிக்கலாம் என்று வாரியம் அறிவித்திருப்பதால் தமிழில் எழுதுகிறேன்.

2. நான் வேலை பார்த்த நிறுவனம் கடந்த செப்டம்பரில் என் பிரிவை மூடிவிட்டது. இப்போது எடிசனில் ஒரு தரவு மையத்தில் ஒப்பந்தப் பணியில் இருக்கிறேன். பெரும்பாலும் வார இறுதி ஷிஃப்ட். ஆகவே வெண்பாவின் கல்லூரி வேலைகள் அனைத்தையும் என் மனைவி மரகதம் பார்த்துவந்தார்.

3. ஜனவரியில் வாரியம் வெளியிட்ட அறிவிப்பின் வாசகம் இது: “புதிய தமிழ்த் தளத்தில் உங்கள் விண்ணப்பத்தை நிரப்பிப் பாருங்கள். உதவியாளர் அருகில் இருப்பார்.” மரகதம் தன் பெயரைப் பதிவு செய்துகொண்டு, ஜனவரி 24, சனிக்கிழமை காலை, வாரியத்தின் பிரிட்ஜ்வாட்டர் கிளைக்குச் சென்றார். மற்ற நாட்களில் பெற்றோருக்கு விண்ணப்ப உதவி தரப்படும் அதே அறையில்தான் சோதனையும் நடந்தது. வரிக் கணக்கு, என் பழைய நிறுவனத்தின் பணிநீக்கக் கடிதம், வெண்பாவின் மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றை அவர் கையோடு எடுத்துப்போயிருந்தார்.

4. அங்கே நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. பங்கேற்பாளருக்கு உள்ள உரிமையின்படி மரகதம் கேட்டுப் பெற்ற ஒளிப்பதிவு ஏப்ரல் 2 அன்று எங்களுக்கு வந்தது. இனிவரும் உரையாடல்கள் அதிலிருந்து எடுத்தவை. அமர்வை நடத்தியவர் செல்வி தாமரைச்செல்வி.

5. எங்கள் தரப்புக்குப் பாதகமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மரகதம் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் இரண்டாம் பக்கத்தில், இது ஒத்திகைக்கான மாதிரித் தளம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கிறது. செல்வி தாமரைச்செல்வியும் தொடக்கத்திலேயே, “நாங்க டெஸ்ட் பண்றது வெப்சைட்டைத்தான் ஆன்ட்டி, உங்களை இல்ல. டென்ஷன் ஆகாதீங்க” என்கிறார். அதற்கு மரகதம், “பண்ணு கண்ணு, எனக்கென்ன. நான் பரீட்சை எழுதியே முப்பது வருசமாச்சு” என்று சிரிக்கிறார். தளத்தைச் சோதிக்கிறார்கள் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. அதில் தான் நிரப்புவது எங்கும் போகாது என்பதைத்தான் அந்த அறையில் ஒருவரும் சொல்லவில்லை.

6. கற்பனைக் குடும்பம் ஒன்றின் விவரம் அச்சிட்ட அட்டை அவரிடம் தரப்பட்டது. அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் வைக்கிறார். “இது யாரோடதோ. எங்க பேப்பர் எல்லாம் நானே கொண்டாந்திருக்கேன் சாமி.” செல்வி தாமரைச்செல்வி ஒரு கணம் தயங்கி, “ஓகே ஆன்ட்டி, உங்களுக்கு எது ஈஸியோ” என்று விட்டுவிடுகிறார். அதன்பின் மரகதம் நிரப்பியது அனைத்தும் எங்கள் குடும்பத்தின் உண்மையான விவரங்கள்.

7. வருமானப் பகுதியை நிரப்பும்போது என்னைப் பற்றி அவர் சொன்னது மனுவுக்கு அவசியமில்லை. ஆனாலும் பதிவில் உள்ளதை விடாமல் தருவது முறை. “எங்க வீட்டுக்காரரு வந்திருந்தா இந்நேரத்துக்கு நாலு தடவை லாக்அவுட் ஆயிருப்பாரு. நெட்வொர்க் இன்ஜினியர்னு பேரு.” இருவரும் சிரிக்கிறார்கள். எனக்கு வேலை போனதைத் தட்டச்சு செய்யும்போது அவர் பணிநீக்கக் கடிதத்தை எடுத்துத் தேதியைச் சரிபார்க்கிறார்.

8. கடைசிப் பக்கத்தில் பச்சை டிக் குறியும், ‘உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது’ என்ற வாசகமும் தோன்றுகின்றன. அதற்குப் பின் நடந்த உரையாடல் முழுவதும் இதுவே:

மரகதம்: “ஏங் கண்ணு, இது ஆபீசுக்குப் போயிடுச்சா?”
தாமரைச்செல்வி: “நீங்க என்ன நினைக்கிறீங்க ஆன்ட்டி?”
மரகதம்: “போயிருக்கும்னுதான் தோணுது. பச்சையா டிக் போட்டிருக்கே.”
தாமரைச்செல்வி: “சூப்பர் ஆன்ட்டி. இது எங்களுக்கு ரொம்ப யூஸ்ஃபுல்.”
மரகதம்: “அப்ப நான் வேற ஒண்ணும் பண்ண வேண்டாமில்ல?”
தாமரைச்செல்வி: “இல்ல ஆன்ட்டி, டன். தேங்க் யூ ஸோ மச்.”

9. செல்வி தாமரைச்செல்வி எங்களை ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அமர்வை நடத்துபவர் பங்கேற்பாளரின் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாது. அதைக் கேள்வியாகவே திருப்பிக் கேட்க வேண்டும். பங்கேற்பாளர் செய்வதில் குறுக்கிடவும் கூடாது. இது வாரியத்தின் நடத்தை விதி என்பது அறிக்கையின் பின்னிணைப்பில் இருக்கிறது. செல்வி தாமரைச்செல்வி அந்த விதியை வழுவாமல் கடைப்பிடித்திருக்கிறார்; கடைசியில் ‘டன்’ என்றதும் அமர்வு முடிந்தது என்ற பொருளில்தான். ஆனால் ஓர் அரசு அலுவலகத்தில், போய்ச் சேர்ந்ததா என்று கேட்பவரிடம், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எவரும் திருப்பிக் கேட்பதில்லை. மரகதம் அதைத் தன் வேலையைச் சரிபார்க்கும் கேள்வியாக எடுத்துக்கொண்டார். சரியாகச் சொன்னதற்குத்தான் பாராட்டு வந்தது என்றும் நினைத்தார்.

10. வீட்டுக்கு வந்ததும் என்னைத் தொலைபேசியில் அழைத்து, “முடிச்சாச்சுங்க” என்றார். பிப்ரவரியில் வெண்பா நினைவூட்டியபோது, “அதெல்லாம் அம்மா அப்பவே போட்டாச்சு” என்று பதில் சொன்னார். நானும் சரிபார்க்கவில்லை. தங்கள் மின்னஞ்சல் வந்த பிறகே எங்களுக்கு உண்மை தெரிந்தது.

11. வெண்பாவுக்கு மாநிலப் பல்கலைக்கழகத்தில் உயிரிமருத்துவப் பொறியியலில் இடம் கிடைத்துள்ளது. எங்கள் இன்றைய வருமானத்தில் இந்த உதவித்தொகை இல்லாமல் அவளை அங்கே சேர்க்க இயலாது. இது தெரிந்ததும் அவள், “இட்ஸ் ஃபைன் அம்மா, ஐ’ல் ஜஸ்ட் டூ கம்யூனிட்டி காலேஜ்” என்று, செலவு குறைந்த உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரிக்கே போய்க்கொள்வதாகச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். அன்று முதல் வீட்டுக் கரண்ட் பில் கட்டுவதற்குக்கூட என் மனைவி மடிக்கணினியைத் திறப்பதில்லை.

12. வாரியத்தின் அறிக்கை என் மனைவியைப் பெயர் சொல்லாமல் ‘பங்கேற்பாளர் 6’ என்று குறிப்பிடுகிறது. அதன் முதல் பக்கத்தில் உள்ள வரி: “தமிழ் பேசும் தாய் ஒருவர், யாருடைய உதவியுமின்றி விண்ணப்பத்தை வெற்றிகரமாகச் சமர்ப்பித்தார்.” தளம் நன்றாக இயங்குகிறது என்பதற்கு வாரியம் காட்டும் முதல் சான்று இதுதான். அறிக்கைக்காக அவர் சமர்ப்பித்தவர். உதவித்தொகைக்காக அவர் சமர்ப்பிக்காதவர். ஒரே செயலை ஒரே அலுவலகம் இரண்டு விதமாகப் பதிவு செய்திருப்பதைத் தாங்கள் பரிசீலிக்க வேண்டுகிறேன்.

13. எனவே, ஜனவரி 24 அன்று என் மனைவி நிரப்பிய விவரங்களை அந்தத் தேதியிட்ட விண்ணப்பமாக ஏற்க உத்தரவிட வேண்டுகிறேன். ஒத்திகைத் தளத்தின் கடைசிப் பக்கத்தில், இது விண்ணப்பம் அல்ல என்பதைத் தமிழில் எழுதவும், அமர்வு முடிந்ததும் அதை வாய்விட்டுச் சொல்லவும் ஏற்பாடு செய்ய வேண்டும். விதியைக் கடைப்பிடித்ததற்காகச் செல்வி தாமரைச்செல்வி மீது நடவடிக்கை ஏதும் கூடாது. சோதனையில் எட்டுப் பேர் பங்கேற்றதாக அறிக்கை சொல்கிறது. மற்ற ஏழு பேர் என்ன நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள் என்பது எனக்குத் தெரியாது. அவர்களையும் அழைத்துக் கேட்க வேண்டும்.

14. இம்மனு எழுதும் நாள்வரை நிலுவையில் இருப்பவை: மேல்முறையீட்டுக் குழு ஏப்ரல் 28 அன்று கூடும் என்று தங்கள் அலுவலகம் தொலைபேசியில் தெரிவித்தது. சோதனையில் நிரப்பப்பட்ட விவரங்களும் ஒளிப்பதிவும் ஏப்ரல் 24 அன்று அழிக்கப்படும் என்று ஒப்புதல் படிவம் கூறுகிறது. குழு கூடும்வரை அவற்றை அழிக்காமல் வைக்கக் கோரி ஏப்ரல் 3 அன்று அனுப்பிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. வெண்பா தன் இடத்தை உறுதிசெய்யப் பல்கலைக்கழகம் தந்துள்ள கடைசி நாள் மே 1.

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) க. சேனாபதி

நாள்: 9 ஏப்ரல் 2026
இடம்: பிரிட்ஜ்வாட்டர்

இணைப்பு: ஒளிப்பதிவின் எழுத்து வடிவம், அறிக்கையின் முதல் பக்கமும் பின்னிணைப்பும், ஒப்புதல் படிவத்தின் நகல்.