அன்று நான் சுவரைத் தட்டவில்லை

ஏட்டி கருப்பட்டி,

இன்று காலை குழாயடியில் இவர் சட்டையை அலசும்போது, காலர் மடிப்பிலிருந்து ஈரப்பஞ்சு திரண்டு வந்தது. எண்ணெய் வாடை அடிக்கிற மில் பஞ்சு. அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் நின்றவள் குடத்தால் இடித்த பிறகுதான் நகர்ந்தேன். நீ போய் ஒரு மாதம் ஆகிறது.

இந்தப் பஞ்சைத் தேடி இவர் சட்டையை நான் எத்தனை நாள் உதறியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். உன் புருசனுக்கு, நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவருக்கு, மில்லில் நிரந்தர வேலை. இவர் அப்போது அதே மில்லில் பத்லி. விடியுமுன் கேட்டில் போய் நிற்க வேண்டும்; யாராவது வராவிட்டால் அந்த இடத்தில் ஏற்றுவார்கள். எல்லாரும் வந்துவிட்டால் திரும்ப வேண்டியதுதான். இவர் திரும்பவும் மாட்டார். மாட்டுங்கா ஸ்டேஷனில் எங்காவது உட்கார்ந்துவிட்டு, ஷிப்டு விட்டு வருகிறவர் மாதிரி சாயங்காலம் வருவார். வாய் திறந்து கேட்டால் சண்டை வரும். அதனால் சட்டையைப் பார்ப்பேன். பஞ்சு இருந்தால் வேலை கிடைத்திருக்கிறது. இல்லாவிட்டால் அன்று பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வேன்.

உனக்கு ஒளிக்க முடியவில்லை. நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர்தானே. அண்ணன் இருமினால் என் காது அங்கே போகும் என்று நீ கண்டுபிடித்துவிட்டாய். "யக்கா, எங்க வீட்டு ஆளுக்கு ரெண்டு தும்மல்தான் வந்திருக்கு. அதுக்குள்ள அண்ணாச்சியைச் சட்டை போடச் சொல்லிராதீய" என்பாய். நான் சிரிப்பேன். நிஜமாகவே நான் அந்த இருமலுக்குத்தான் காத்திருந்தேன்.

உனக்குக் கைப்பிள்ளை வந்த பிறகு விடியற்காலையில் எழுப்பிவிடச் சொன்னாய். நான் முதலில் எழுகிறவள். பலகையில் மூன்று தட்டு தட்டுவேன். நீ ஒன்று தட்டுவாய். அதுதான் நம் இருவருக்கும் அன்றைய முதல் பேச்சு.

அந்த வருச மழைக்காலத்தில் பன்னிரண்டு நாள் தொடர்ந்து இவருக்கு வேலை இல்லை. பதிமூன்றாம் நாள் விடியலில் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார்: "இன்னைக்கும் இல்லேன்னா நீ பிள்ளையளைக் கூட்டிட்டு ஊருக்குப் போயிரு. நான் ஒத்தையில எப்பிடியும் கெடந்துக்கிடுவேன்." கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ரொம்பச் சாந்தமாகச் சொன்னார். அப்படிப் போன குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். திரும்பி வந்தவர்கள் யார்?

அவர் போன பிறகு பலகைப் பக்கம் வந்து நின்றேன். கையை மடக்கினேன். தட்டவில்லை.

மில் சங்கு ஊதி வெயில் ஏறிய பிறகுதான் உன் வீட்டில் அரவம் கேட்டது. அண்ணன் ஏற்கெனவே மழையில் இரண்டு தரம் பிந்திப்போய் எச்சரிக்கை வாங்கியவர். அன்று போனதும் ஒரு வாரத்துக்கு நிறுத்திவிட்டார்கள். அந்த ஒரு வாரமும் அவர் இடத்தில் நின்றது இவர். முதல் நாள் பஞ்சும் வேர்வையுமாக வந்து, "அண்ணன் மெஷின்லதான்ட்டி நின்னேன்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

சாயங்காலம் பலகைக்கு அந்தப் பக்கம் அண்ணன் கத்தினார். "அவ வேணும்னுதான் எழுப்பல. அவ புருசனுக்கு வேலை வேணும்லா?"

நீ சொன்னாய், "யக்கா தட்டினாவ. நான்தான் அசந்து தூங்கிட்டேன்."

அடி விழுந்த சத்தம் கேட்டது. பிள்ளை வீரிட்டது. நான் ஓடி வந்திருக்க வேண்டும். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் குழாயடியில் என் முகத்தைப் பார்த்து நீ எதையும் கேட்கவில்லை. "நாளையிலிருந்து நல்லா ஓங்கித் தட்டுங்க யக்கா" என்று மட்டும் சொன்னாய். அதற்கு அப்புறம் நான் ஒரு நாளும் தவறவில்லை. இவருக்கு வேலை நிரந்தரமாகி, ஊருக்குப் போகிற பேச்சு அடங்கி, நம் பிள்ளைகள் ஒரே தட்டில் தின்று வளர்ந்தும், அதை மட்டும் நான் உன்னிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றே இருந்தேன். உனக்கு வந்த காய்ச்சல் இறங்கவே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். "இத்தனை வருசத்துல ஒரே ஒரு நாள் அசந்து தூங்கினா, தங்கச்சி. அதுக்குப் போய் அடிச்சிட்டேன்" என்றார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "அன்னைக்கு நான் தட்டவே இல்லண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் என்னை ஏறிட்டுப் பார்த்தார். ஏசட்டும் என்று நின்றேன். "நீ தட்டினன்னு அவதான சொன்னா" என்றார். "அவளுக்குப் பொய் சொல்ல வராதே." பிறகு காப்பியைத் தொடாமலே எழுந்து உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து எனக்கும் தூக்கம் இல்லை. அந்த விடியலில் உன் பிள்ளை சிணுங்கி அடங்கியது எனக்குக் கேட்டது. யாராவது அமர்த்தாமல் அது தானாக அடங்குகிற பிள்ளை இல்லை. ஊருக்குப் போயிரு என்று இவர் சொன்னது பலகை வழியாக உனக்கும் கேட்டிருக்கும்.

கருப்பட்டி, நான் கையை மடக்கிக்கொண்டு நின்ற அந்த நேரத்தில், நீ முழித்துத்தான் கிடந்தாயா?