இல்லாத கரித்தூளுக்கு ஒரு பாராட்டுப் பலகை

அனுப்புநர்
முடிதிருத்தகம் நடத்துபவர்,
பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்க் கடை,
நூலகத் தெரு.

பெறுநர்
நகராட்சி ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: நூலகத் தெரு முனையில் என் மகளைப் பாராட்டி வைக்கப்பட்டுள்ள பலகையை அகற்றக் கோருதல் – உண்மையான காரணத்தைத் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. பலகை வைக்கக் கோரி நான் கொடுத்த மனு.
2. அதே பலகையை அகற்றக் கோரி நான் கொடுத்த மனு (தள்ளுபடியானது).

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. பார்வையில் கண்ட இரண்டு மனுக்களையும் கொடுத்தது ஒரே ஆள்தான். தங்கள் அலுவலக எழுத்தர், "வைங்கன்னதும் நீங்கதான், எடுங்கன்றதும் நீங்கதான், வீட்டுல ஏதாவது சண்டையா?" என்று கேட்டார். சண்டைதான். அன்று அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது எழுதுகிறேன்.

2. என் மூத்த மகள் வானாய்வுக் கூடத்தில் வேலை செய்கிறாள். புதிதாகப் பிறந்த நட்சத்திரங்களைச் சுற்றித் தூசியும் வாயுவும் தட்டு போலப் பரவிச் சுழலுமாம். அந்தத் தூசி ஒன்றோடொன்று ஒட்டிச் சேர்ந்துதான் கோள்கள் உண்டாகின்றன. அதில் கரித்தூள் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. சாதாரண வெளிச்சத்தில் அது தெரியாது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து வரைபடமாக்குவார்கள். மூன்று புள்ளி மூன்று மைக்ரான் என்ற இடத்தில் கோடு மேடு தட்டினால், கரிச் சேர்மங்கள் இருக்கின்றன என்று அர்த்தம். சென்ற ஆண்டு அவள் ஒரு நட்சத்திரத்தில் அந்த மேட்டைக் கண்டாள். செய்தித்தாளில் நான்கு வரி வந்தது.

3. அந்த நான்கு வரியை வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. நாற்காலியில் வந்து உட்கார்ந்த ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. கத்தி என் கையில் இருந்ததால் யாரும் குறுக்கே பேசவில்லை. வார்டு உறுப்பினருக்குத் தலைக்குச் சாயம் பூசி, அது காய்கிற நேரத்தில் எழுந்து போக முடியாத அவரிடம் பலகைக்கு ஒப்புதல் வாங்கினேன். பட்டமளிப்பு அங்கியில் அவள் நிற்கும் படத்தைத் தேடிக் கொடுத்ததும் நான். "விண்மீன் அருகே கரித்தூள் கண்ட நம் தெருவின் மகள்" என்ற வாசகத்தை எழுதியதும் நான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

4. அந்த மேடு உண்மையான மேடு அல்ல என்பதைத் தங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். நடந்தது இதுதான். நம் காற்றும் தொலைநோக்கியும் நட்சத்திர ஒளியில் பாதியைக் கெடுத்துவிடும். ஆகவே பக்கத்திலேயே நன்கு தெரிந்த வேறொரு நட்சத்திரத்தையும் பார்த்து, முதலாவதை இரண்டாவதால் வகுப்பார்கள். இரண்டுக்கும் பொதுவான கெடுதல் அடிபட்டுப் போகும். ஆனால் அந்தத் தெரிந்த நட்சத்திரத்தின் ஒளியில் ஹைட்ரஜன் தன் பங்குக்குச் சில இடங்களில் பள்ளம் தோண்டி வைத்திருக்கும். வகுப்பதற்கு முன் அந்தப் பள்ளங்களை நிரப்ப வேண்டும். நிரப்பாமல் வகுத்தால் அங்கே இருக்கும் பள்ளம் இங்கே மேடாகிவிடும். ஒரு பள்ளம் சரியாகக் கரித்தூள் காட்டும் இடத்திலேயே இருந்திருக்கிறது. மற்ற பள்ளங்களையெல்லாம் நிரப்பியவள் அந்த ஒன்றை விட்டுவிட்டாள். அந்த இடத்தில் பள்ளமே இல்லாத வேறொரு நட்சத்திரத்தை வைத்து மீண்டும் வகுத்துப் பார்த்தபோது மேடு இருந்த சுவடே இல்லை. அதைக் கண்டுபிடித்ததும் என் மகள்தான். வேறு யாரும் சுட்டிக்காட்டவில்லை.

5. திருத்தம் எழுதி வெளியிடப் போவதாக அவள் தொலைபேசியில் சொன்னாள். குரலில் களைப்பு இருந்ததே தவிர அழுகை இல்லை. அப்போது நான் சொன்னதைத் தங்கள் பார்வைக்கு அப்படியே வைக்கிறேன்: "கொஞ்ச நாள் சும்மா இரும்மா, பலகை வச்சு ரெண்டு மாசம்கூட ஆகல. நட்சத்திரத்துல கரி இருக்கா இல்லையான்னு யாரு ஏறிப் போய்ப் பார்க்கப் போறாங்க?" "நான் பார்ப்பேன்ப்பா" என்றாள். வைத்துவிட்டாள். திருத்தம் அடுத்த மாதமே அவள் பெயரில் வெளிவந்தது.

6. அதன் பிறகு அவள் ஒரு முறைதான் கடையை ஒட்டிய எங்கள் வீட்டுக்கு வந்தாள். பேருந்து நிறுத்தத்தில் இறங்கினால் நேர் எதிரே பலகை. அதனால் முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கி, நகராட்சிக் குப்பைத் தொட்டிகள் இருக்கும் பின்சந்து வழியாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சக்கரம் வைத்த பெட்டிதான், அந்தச் சந்தில் உருளாது. புறக்கடைக் கதவைத் தட்டினாள். நான் கதவைத் திறந்தபோது புடவை ஓரமெல்லாம் சேறு. என் பெண் திருடி போல வீட்டுக்குள் வந்ததைப் பார்த்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. கிளம்பும்போது அம்மாவிடம் மட்டும், "அந்தப் போர்டு இருக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் வர மாட்டேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் தங்கையின் பிரசவத்துக்குக்கூட நேரே மருத்துவமனைக்கு வந்து, அப்படியே திரும்பிவிட்டாள்.

7. அதன் பின்தான் அகற்றக் கோரி மனு கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில், "மழையில் சாயம் போய், கால்கள் துருப்பிடித்து, பாதசாரிகளுக்கு ஆபத்தாக உள்ளது" என்று எழுதினேன். முழுப் பொய். தங்கள் இளநிலைப் பொறியாளர் நேரில் வந்து பலகையை ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. மனு தள்ளுபடியானது முற்றிலும் நியாயம். போகும்போது அவர், இவ்வளவு நல்ல பலகை இருட்டில் கிடக்கிறதே என்று வருத்தப்பட்டு ஒரு விளக்கும் போட ஏற்பாடு செய்துவிட்டார். அந்த விளக்கு இப்போது எங்கள் படுக்கையறை வரை அடிக்கிறது. பொறியாளர் மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. இந்தப் புகார் என் மீதுதான்.

8. இரண்டாம் மனுவின் நகலைப் படித்த என் மனைவி, "அவ தப்பை அவளே ஊரறியச் சொல்லிட்டா. உங்க தப்புக்கு மட்டும் துருவைக் காரணம் காட்டுறீங்க" என்றாள். சுருக்கென்றது. மகள் தவறு செய்ததில் எனக்கு இருந்த அவமானம் அன்றோடு போயிற்று. அதை மறைக்கும்படி அவளிடம் சொன்ன அவமானம் மட்டும் மிச்சம். சென்ற வாரம் முதன்முதலாகக் கடையில் விஷயத்தைச் சொன்னேன். நாற்காலியில் இருந்தவர் பக்கத்துக் கடைத் தையல்காரர். கத்தியை மேசையில் வைத்துவிட்டுத்தான் பேசினேன். அவர் முகத்தில் நுரையோடு கேட்டுவிட்டு, "அளவு தப்பினா பிரிச்சுத் தைக்கிறதுதானே, அதுக்கா இவ்வளவு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தீங்க?" என்றார். இதைச் சொல்வதற்குப் பயந்துதான் என் பெண்ணைக் குப்பைச் சந்தில் நடக்க விட்டேன்.

9. ஆகவே மேற்படி பலகையை அகற்றித் தர வேண்டுகிறேன். மன்றத் தீர்மானம் இல்லாமல் அகற்ற விதியில்லை என்றால், அதுவரை துணி போட்டு மூடவும் விளக்கை அணைக்கவுமாவது உத்தரவிட வேண்டும். ஏணியும் துணியும் என்னிடம் இருக்கின்றன, அனுமதி மட்டும் போதும். "தன் தவறைத் தானே திருத்திய மகள்" என்று வேறொரு பலகை வைக்கலாமே என்று யாரேனும் யோசனை சொன்னால் தயவுசெய்து ஏற்க வேண்டாம். அந்த யோசனை முதலில் எனக்கே வந்தது. மனைவி பார்த்த பார்வையில் அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

10. காரணம் என்ற இடத்தில் இம்முறை இதை எழுதிக்கொள்ளக் கோருகிறேன்: பலகையில் உள்ள செய்தி தவறு. அது தவறு என்று தெரிந்த பிறகும் அதை நிற்க விட்டவர், பெண்ணின் தகப்பன்.

அடுத்த மாதம் பேத்திக்குப் பெயர் வைக்கிறோம். பெரியம்மாக்காரி முன்வாசல் வழியாக வர வேண்டும். அதற்குள் ஆவன செய்யும்படி தலைவணங்கிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: நூலகத் தெரு
நாள்: செவ்வாய்க்கிழமை, கடை விடுமுறை

இப்படிக்கு,
(ஒப்பம்)
முடிதிருத்தகம் நடத்துபவர்

நகல்:
1. இளநிலைப் பொறியாளர் – விளக்கு தொடர்பாக.
2. என் மகள், வானாய்வுக் கூடம் – பத்தி நான்கில் உன் வேலையைப் பற்றி எனக்குப் புரிந்த வரையில் எழுதியிருக்கிறேன். தவறு இருந்தால் திருத்திக் கொடும்மா. திருத்தியதையே மறுபடி கொடுக்கிறேன்.